குளத்துப்புழையில் செவ்வாய்க்கிழமைகள்

1978ல் இலங்கையின் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது எனக்குப் பதினான்கு வயது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் ஐந்து பேர். காகிதத்தில் 'தாயகம் திரும்புவோர்' என்றிருந்தது. அப்பாவும் அம்மாவும் பிறந்ததே பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். எங்களுக்கு இந்தியாதான் வெளிநாடு.

மண்டபம் முகாம், அப்புறம் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலை ரயில், கேரளத்தில் புனலூர். திரும்பி வந்தவர்களுக்காக 1976ல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டிருந்தது. குளத்துப்புழை, ஆயிரநல்லூர் என்று இரண்டு ரப்பர் எஸ்டேட்டுகள். கொழுந்து பறித்த கையில் பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்தார்கள். அம்மா முதல் மாதம் பட்டையோடு நிறுத்தாமல் கட்டை வரை வெட்டி, சூப்பர்வைசரிடம் தினமும் ஏச்சு வாங்கினார்.

வீடும் வேலையும் கிடைத்தன. அதோடு எங்கள் கோப்பை மூடிவிட்டார்கள். பஸ் போர்டில் இருக்கும் மலையாள எழுத்தை எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்ததும், ரேஷன் கடையில் எப்படிப் பேச வேண்டும் என்று பழக்கியதும் பக்கத்து வீட்டுச் சேச்சிதான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, "மோளே, ஒன்னுகூடி வாயிச்சே" என்பார், மகளே, இன்னொரு தடவை வாசி என்று. ஒரு வருடம் ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் சபையிலும் இதுவேதான் நடந்தது.

லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் ஜெபக்கூட்டம். மே மாதம் எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஊழியக் குழு ஒன்று வரும். லவுட் ஸ்பீக்கர், கைப்பிரதி, இரண்டு இரவுக் கூட்டம். மூன்றாம் நாள் ஆற்றில் ஞானஸ்நானம். ஒரு வருடம் பதினொரு பேர், அதில் என் அண்ணனும் ஒருவர். அன்று மாலையே ஜீப் கிளம்பிவிட்டது. அம்மன் கொடைக்கு வரி கேட்டு வந்தால் என்ன சொல்வது, கோபம் வந்தால் என்ன செய்வது, ஜெபம் என்றால் சத்தமாகப் பேசுவதா, ஒன்றும் அண்ணனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். அடுத்த மே மாதம் குழு வந்து, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்றபோது அண்ணன் மறுபடி கையைத் தூக்கினார். போன வருடம் எழுந்த கைகளையே எண்ணிக்கொண்டு போனார்கள். அறிக்கையில் ஆத்துமாக்கள் கூடியிருக்கும், சந்தேகமில்லை.

அதற்குப் பிறகுதான் பால்வெட்டுகாரரான ஒரு பெரியவர் செவ்வாய்க்கிழமை தோறும் நாலு பேரை உட்காரவைத்து மாற்கு சுவிசேஷத்தை வாசிக்க ஆரம்பித்தார். அவசரமே கிடையாது, ஒரு நாளைக்குப் பத்து வசனம். "கன்னு நட்டு ஏழு வருஷம் காத்திருக்கோம், மனுஷனுக்கு ஏழு மாசம் காக்க மாட்டோமா?" என்பார். அண்ணன் அங்கேதான் நிலைத்தார்.

ஆனால் எங்களுக்கும் ஒரு வியாதி வந்தது. நான்கு பேர் ஒன்பது பேராகி, ஒன்பதிலேயே நின்றோம். யார் எந்தப் பாயில் உட்காருவார் என்பது கூட முடிவாகிவிட்டது. 1984ல் கப்பல் நிற்பதற்குச் சற்று முன் வந்த ஒரு குடும்பம் எங்கள் வரிசையிலேயே குடியேறியது. ஒரு மாதமாகியும் ஒருவரும் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும்தான். நாங்கள் வந்திறங்கிய நாட்கள் எனக்கு அவ்வளவு சீக்கிரம் மறந்துபோயிருந்தன.

பெரியவர் அந்தச் செவ்வாய் மாற்குவைத் திறக்கவில்லை. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குக் கொடுத்த கட்டளை இருக்கும் மத்தேயு 28ஐ எடுத்து, "புறப்பட்டுப்போய்" என்பதையும் "உபதேசம்பண்ணுங்கள்" என்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார். நடுவில் "சீஷராக்கி" இருந்தது. "ஜீப்புல வர்றவங்க வசனத்துல முன்பாதிய எடுத்துக்கிட்டாங்க. நாம பின்பாதிய வச்சுக்கிட்டு கதவைச் சாத்திட்டோம்."

அதன்பின் ஒரு வழக்கம் வந்தது. ஒருவரைக் கூட்டிவருபவரே அவரோடு செவ்வாய்தோறும் உட்கார வேண்டும். உட்காருகிறவர்கள் வாரத்துக்கு ஒரு வீட்டுக்காவது போய்வர வேண்டும். மே மாதக் குழுவிடமும் பெரியவர், யாராவது ஒருவர் இங்கே மூன்று மாதம் தங்குங்கள் என்று கேட்டுப்பார்த்தார். தங்கவில்லை.

நான் அந்தப் புதுக் குடும்பத்து அக்காவிடம் போனேன். கையில் வேதாகமம் இருந்தது, எடுத்த எடுப்பில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "புனலூர் பஸ் எதுன்னே தெரியல தங்கச்சி, நேத்து வேற எங்கேயோ போய் இறங்கிட்டேன்" என்றார். வேதாகமத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, கரித்துண்டால் தரையில் மலையாளத்தில் 'பு' எழுதிக் காட்டினேன்.