பாக்கி வைத்த காலம்

சென்னையில் பக்க வடிவமைப்பு வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறவர்கள் வருடத்தைத் தமிழ் மாதங்களில்தான் கணக்குப் போடுவோம். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. நடுவில் பள்ளிக்கூட ஆண்டு மலர் ஒன்றிரண்டு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் வேலை அடங்கிவிடும். ஆடியில் ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் கொஞ்சம் வரும். புரட்டாசி தாண்டினால் பதிப்பாளர்களுக்குப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும்; புத்தகக் காட்சிக்குள் அத்தனை புத்தகமும் அச்சுக்குப் போயாக வேண்டும். மார்கழியில் தூக்கம் என்று ஒன்று கிடையாது.

வேலை வரும் மாதத்தில் பணம் வராது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மார்கழியில் செய்ததற்குப் பங்குனியில் பணம் தந்தால் அவர் நல்ல பதிப்பாளர். "காட்சி முடியட்டும் சார், செட்டில் பண்ணிடலாம்" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வருடம்கூட எனக்குக் கழிந்ததில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர்கள் இன்னும் எளிமை. பில்லை வாங்கி ஆணியில் குத்தி வைப்பார்கள். ஆணி நிறைந்ததும் மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்கள்.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அப்போது என் வங்கிக் கணக்கில் இருந்தது 38,000 ரூபாய் சொச்சம். வெளியிலிருந்து வரவேண்டியது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பதிப்பாளர்கள், ஒரு பள்ளி, நாலைந்து பத்திரிகைக் கடைகள், அறுபது நாள் தவணையில் பணம் தரும் ஒரு விளம்பர நிறுவனம். எல்லோரும் ஒரே நாளில் ஷட்டரை இறக்கினார்கள்.

அந்த நாட்களில் யூடியூபைத் திறந்தால் யாராவது ஒருவர் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எப்போதும் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவருக்குப் பொருந்துகிற கணக்கு அது. என்னுடைய ஆறு மாதச் செலவும் பத்திரமாகத்தான் இருந்தது, மற்றவர்களுடைய கல்லாவில். வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், தேதியில்லாமல் ஊருக்கெல்லாம் கடன் கொடுத்திருக்கிறோம், வடிவமைப்புக் கூலி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம் என்பதை உட்கார்ந்து யோசிக்க ஊரடங்கு நிறைய நேரம் கொடுத்தது.

வசூலுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் யாருக்கும் போன் செய்யக் கூச்சமாக இருந்தது. அப்புறம் அரிசி டப்பாவின் அடி தெரிந்ததும் கூச்சம் போய்விட்டது. ஒரு பதிப்பாளரை அழைத்தேன். நல்ல மனிதர். "கடையைத் திறந்தாத்தானே சார் எனக்கே பணம். வெளியூர்க் கடைக்காரங்க எனக்குத் தரணும், அவங்களும் பூட்டிட்டு வீட்டுல இருக்காங்க" என்றார். பொய் இல்லை. கடைக்காரர் பதிப்பாளருக்குத் தர வேண்டும், பதிப்பாளர் அச்சகத்துக்கும் எனக்கும் தர வேண்டும், அச்சகத்துக்காரர் பைண்டிங் செய்கிறவர்களுக்குத் தர வேண்டும். நான் இந்த வரிசையின் கடைசி ஆளும் இல்லை. எனக்குப் பிழை திருத்தித் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு நான் 6,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர், பென்ஷன் கிடையாது. என்னிடம் இருந்த 38,000-இலிருந்து முதலில் போனது அதுதான். அதைச் செய்துவிட்டுப் பிறகு மற்றவர்களிடம் கேட்டபோது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

கேட்கிற முறையை மாற்றியதும் பலன் இருந்தது. முழு பாக்கியைக் கேட்டால் எதிராளி தன் கஷ்டத்தை முழுசாகச் சொல்ல ஆரம்பிப்பார். "இந்த வாரம் ரெண்டாயிரம் மட்டும் ஜிபே பண்ணுங்கண்ணே, மளிகைக்கு" என்றால் அனுப்பிவிடுவார்கள். ஆணியில் பில் குத்துகிற கடைக்காரர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே வாரம் தவறாமல் ஆயிரம் ஆயிரமாக அனுப்பி மே மாதத்துக்குள் மொத்தத்தையும் தீர்த்தார். பில் கடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கணக்கு எல்லாம் மனசில்! கண்ணாடிக் கதவும் வரவேற்பறையில் செடித்தொட்டியும் வைத்திருந்த விளம்பர நிறுவனமோ, தற்போதைய அசாதாரணச் சூழலில் எல்லாப் பட்டுவாடாவும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக அழகான ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அதற்கு நான் எழுதிய எந்தப் பதிலுக்கும் பதில் வரவில்லை.

வாடகை 11,000. திருவல்லிக்கேணியில் மாடி போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா தனியாக இருந்தார். ஏப்ரல் முதல் வாரம் அவரிடம் பேசப் படியிறங்கியபோது அவரே வாசலில் நாற்காலி போட்டு, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள், "தம்பி, எனக்கும் ரெண்டு போர்ஷன் வாடகைதான் வருமானம். மருந்தே மாசம் மூவாயிரம் ஆகுது" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம், உட்கார்ந்தோம். பிறகு பாதி வாடகையைக் கையில் தருவது, மீதிப் பாதியை அட்வான்ஸில் கழிப்பது, நிலைமை சரியானதும் அட்வான்ஸை நிரப்பிவிடுவது என்று பேசி முடித்தோம். ஒரு நோட்டில் அவர் கணக்கு எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதுதான் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். அந்த மூன்று மாதம் மட்டும் கொடுத்திருந்தால் அந்த வருடம் கழிப்பதற்கு அதிகம் இருந்திருக்காது.

அடுத்தது தவணை. மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளுபடி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர். வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. பைக் கடனுக்கு நான் அவகாசம் வாங்கினேன், அதில் பெரிய நஷ்டமில்லை. கிரெடிட் கார்டுக்கு வாங்கவில்லை. மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகிற இடத்தில் அவகாசம் கேட்பது, தீ எரிகிற அடுப்பைக் கதவைச் சாத்தி மறைப்பது மாதிரி. முப்பதாயிரம் நிலுவை வைத்தால் மாதம் 900 ரூபாய்க்கு மேல் சும்மா போகும். வங்கியிலிருந்து அவகாசம் வேண்டுமா என்று வந்த குறுஞ்செய்திகளில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தருகிறோம் என்று நவம்பரில் பைக் கடன் கணக்கில் ஒரு தொகை வரவானது. நூறு ரூபாய்கூட இல்லை.

அரசாங்கத்திடமிருந்து வந்தது ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய். இன்னொன்று, என் பணமே திரும்பி வந்தது. கம்பெனிகள் எனக்குப் பணம் தரும்போது 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். நிலுவையில் இருக்கும் 5 லட்சம் வரையிலான வருமான வரி ரீஃபண்டுகளை உடனே விடுவிப்பதாக ஏப்ரல் 8-ஆம் தேதி நிதி அமைச்சகம் அறிவித்தது. எனக்கு வரவேண்டிய 14,000 அந்த மாதக் கடைசியில் கணக்கில் ஏறியது. பிடித்தம் செய்கிறார்களே என்று வருடம் முழுக்கப் புலம்புகிற எனக்கு அது கட்டாயச் சேமிப்பாகத் தெரிந்த ஒரே தருணம். மே மாதத்திலிருந்து பிடித்தத்தை 7.5 சதவீதமாகக் குறைத்தார்கள். பிடிப்பதற்கு வருமானம் வேண்டுமே!

மின்வாரியம் ரீடிங் எடுக்க ஆள் அனுப்பாமல் முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னது. வீட்டில் எல்லோரும் இருபத்துநாலு மணி நேரமும் இருந்த வெயில் காலத்துக் கணக்கு அடுத்த ரீடிங்கில் மொத்தமாக வந்து நின்றது. என் மனைவிக்குப் பள்ளியில் ஜூன் முதல் பாதிச் சம்பளம். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மறுபடியும் கடுமையான ஊரடங்கு. ஆக, ஆகஸ்டில் நகை வெளியே வந்தது.

அந்த மாதம் தங்கம் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. வங்கிகள் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியும் வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் 75 தான். மனைவியின் இரண்டு வளையல்களை வங்கியில் வைத்தோம். சம்பளச் சீட்டு கேட்காமல் எனக்குக் கடன் கிடைத்த ஒரே இடம் அதுதான். பர்சனல் லோன் விசாரிக்கப் போனால் முதல் கேள்வியே "எந்தக் கம்பெனி?" என்பது. எதிர் வீட்டு அக்கா தன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தார். அடுத்த வருடம் கூட்டுறவில் 5 சவரன் வரை வைத்த நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது அவருடைய பெயரும் பட்டியலில் வந்தது. நாங்கள் வட்டியோடு கட்டித்தான் மீட்டோம். இன்றைக்கும் அக்கா என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வேலையே வரவில்லை என்று சொல்ல முடியாது. வேறு மாதிரி வந்தது. முதலில் "முகக்கவசம் அணிந்தால் மட்டுமே அனுமதி" ஸ்டிக்கர்கள். காய்கறி வீட்டுக்கே கொண்டு தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப விளம்பரப் படங்கள். பிறகு கல்யாணங்கள் மெல்ல ஆரம்பித்தன, 50 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. ஐந்நூறு பத்திரிகை அடித்தவர்கள் ஐம்பது அடித்தார்கள்: மஞ்சள் தடவி சாமி முன்னால் வைக்க, தாய்மாமனுக்கும் பெரியவர்களுக்கும் வைத்து அழைக்க. மற்றவர்களுக்குப் படமாக அனுப்பினால் போதும். தாளில் அடிக்காததால் வடிவமைப்புக்கும் காசில்லை என்று நிறையப் பேர் நினைத்தார்கள். "போன்லதானே சார் அனுப்பப்போறோம், முந்நூறு வாங்கிக்கங்க" என்பார்கள். அச்சுக்குப் போகும் பத்திரிகைக்கு 1,500 வாங்கிய வேலை. மண்டபம் கோயிலாகும், கோயில் வீடாகும், நேரலைக்கு கியூஆர் கோடு சேரும், "தங்கள் நலன் கருதி இல்லத்திலிருந்தே வாழ்த்தவும்" என்று ஒரு வரி கூடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி உட்கார வேண்டும். நான் அப்போது முதல்முறையாகப் பாதிப் பணம் முன்னால் வந்தால்தான் வேலை என்று சொல்லத் தொடங்கினேன். நேரில் சொல்ல வாய் வராத விஷயம், வாட்ஸ்அப்பில் சுலபமாக வந்தது. ஆச்சரியம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

2021 புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்காமல் பிப்ரவரி 24-இலிருந்து மார்ச் 9 வரை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்தது. அந்த நல்ல பதிப்பாளர் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னை அரங்குக்கே வரச் சொல்லி, கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தார். இன்னொருவர் பணத்துக்குப் பதிலாகப் புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் போட்ட புத்தகங்களில் பாதியை வடிவமைத்தவனே நான்தான். அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மே மாதம் இரண்டாம் அலை வந்தபோது கையில் கொஞ்சம் பணம் இருந்தது, வேலையும் இருந்தது. அந்த வேலையைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் படங்கள். போட்டோ வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஏதாவது கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோவைத்தான் அனுப்புவார்கள். பக்கத்தில் நிற்பவரின் கை தோளில் இருக்கும். அந்தக் கையை அழிக்க வேண்டும். சட்டையில் இருக்கும் சந்தனக் கறையை அழிக்க வேண்டும். சிரிப்பை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டால், "விட்டுடுங்க சார்" என்பார்கள். பாதிப் பணம் முன்னால் என்ற விதியை இவற்றுக்கு மட்டும் நான் சொல்லவில்லை, தொகையும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர்களாகவே அனுப்பினார்கள். ஒரு பாக்கியும் நிற்காத ஒரே வகை வேலை அது.

இதற்கெல்லாம் நடுவில் செய்த ஒரு காரியம், 2020 ஜூலையில் மத்திய அரசு சிறு தொழில்களுக்காகத் தொடங்கிய உத்யம் பதிவில் என் பெயரைச் சேர்த்தது. ஆதார், பான் எண் போதும், காசு கிடையாது. சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது, தாமதமானால் வட்டியும் உண்டு. யார் மீதும் நான் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த வேலை வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பில்லின் அடியில் பதிவு எண்ணை மட்டும் போட்டுவந்தேன், யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

2024 ஏப்ரலில் அது மாறியது. பதிவு செய்த சிறு, குறு நிறுவனங்களுக்குக் குறித்த நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் தருகிற வருடத்தில்தான் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. இப்போது மார்ச் கடைசியில் கம்பெனிகளின் கணக்காளர்கள் அவர்களாகவே போன் செய்கிறார்கள். "சார், உங்களுக்கு உத்யம் இருக்கா? பில் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று விசாரிப்பு. இருக்கிறது என்றால் அடுத்த நாளே பணம் வந்துவிடுகிறது. ஒரு இடத்தில் மட்டும், அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டால் தொடர்ந்து வேலை தர வசதியாக இருக்கும் என்றார்கள். அவர்களுடைய அடுத்த வேலைக்கு முழுப் பணமும் முன்னால் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.