கோத்தகிரி, அக்டோபர்

அக்டோபர் 2, வியாழன்
காந்தி ஜெயந்தி, டாஸ்மாக் மதுக்கடை இல்லை. நேற்றே வாங்கிப் பதுக்காதவர்களுக்கு இன்று கை நடுங்கும். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். "ஒரேயடியா நிறுத்திட்டாரு" என்று சந்தோஷப்படுகிற நேரம் இல்லை அது. காலையில் எழுந்ததும் ஊற்றிப் பழகியவருக்கு ஆஸ்பத்திரி முதலில், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டம் அப்புறம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாச்சா என்று, அண்ணனைச் சேர்க்கும் ஆஸ்பத்திரியில் கேட்கச் சொல்லி அண்ணிக்குச் சீட்டில் எழுதியாச்சு.

அக்டோபர் 4, சனி
அண்ணனுக்கு டிஸ்சார்ஜ் தீபாவளிக்கு முன்னாலாம். ஏன் முன்னால்?

அக்டோபர் 5, ஞாயிறு
பழைய ஏஏ கூட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. ஏஏ குழுக்களுக்குப் பெரும்பாலும் சொந்த இடம் கிடையாது. சர்ச் ஹால், பள்ளிக்கூட அறை என்று எங்காவது வாடகைக்கு எடுத்திருப்பார்கள். பரீட்சை வந்தால் இடம் மாறும். பட்டியலில் இருக்கும் போன் நம்பர் யாரோ ஒரு உறுப்பினருடையது. அவர் திருப்பூர் பக்கம் போய்விட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்த வாரம் நடக்கிறதா? தமிழிலா? ஓபனா, குளோஸ்டா, அதாவது குடும்பத்தாரும் வரலாமா? எத்தனை மணிக்கு முடியும்?

மலையில் கடைசிக் கேள்விதான் முக்கியம். எட்டு மணிக்கு முடிகிற கூட்டம் சமவெளிக்காரருக்குச் சரி. இங்கே குன்னூருக்கோ ஊட்டிக்கோ போய்க் கடைசி பஸ்ஸை விட்டவருக்கு அந்நேரம் வெளிச்சமாகத் தெரிவது பத்து மணிவரை திறந்திருக்கும் டாஸ்மாக்தான்.

ஏஏ நம்பர் எதுவும் எடுக்கவில்லை என்றால் 14446, போதை மீட்பு உதவி எண். ராத்திரி மனசு கெட்டால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநல ஓ.பி.யிலும் கேட்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்
பஸ் நேரத்தை டிப்போவில் கேட்க வேண்டும். ஸ்டாண்டில் எழுதியிருப்பது மழைக்காலத்துக்குச் செல்லாது.

அக்டோபர் 9, வியாழன்
குளோஸ்ட் என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். அண்ணி கூட வர வேண்டுமானால் ஓபன் கூட்டம். அவருக்கென்று தனியாக அல்-அனான் இருக்கிறது, அது குடும்பத்தாருக்கு.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததே பாதி பயம். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஆளுக்கொரு முறை பேசுவார்கள், குறுக்கே யாரும் புத்திமதி சொல்வதில்லை. பெயர் மட்டும் போதும், ஊர் வேண்டாம், வேலை வேண்டாம். பேச வரவில்லை என்றால் "இன்னைக்குக் கேட்கிறேன்" என்றால் விட்டுவிடுவார்கள். கட்டணம் இல்லை, சுற்றி வரும் தட்டில் இஷ்டமிருந்தால் பத்து ரூபாய். வெளி ஆள் பணத்தை வாங்குவதில்லை. 1935-இல் தொடங்கிய அமைப்பு, கோயிலும் இல்லை சர்ச்சும் இல்லை. கடவுள் பேச்சு வரும், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பார்கள். திரும்பும்போது இரண்டு பேர் நம்பரையாவது வாங்கி வர வேண்டும். கூட்டத்தைவிட அந்த நம்பர்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உதவும்.

"தெரிஞ்சவங்க இருப்பாங்களே" என்கிறார் அண்ணன். சாலையோரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்தது. கூட்டத்துக்குப் போவதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாதாம்! சரி, அப்படியானால் பக்கத்து ஊர்க் குழு. மறுபடியும் பஸ்.

அக்டோபர் 11, சனி
"அவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கும் பொடி." சுவரொட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் மருந்து) கலந்திருந்தால், சாம்பாரில் போட்டது தெரியாமல் அவர் குடிப்பார். முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். டாக்டர் கொடுத்தாலும் அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழித்துத்தான். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் அரிஷ்டம், சில இருமல் டானிக் இதையெல்லாம் தொடக் கூடாது. அவற்றிலும் சாராயம் உண்டு.

அக்டோபர் 14, செவ்வாய்
எஸ்டேட்டில் போனஸ் பேச்சு. பயம்.

வீட்டுக்குப் பின்னால் காலி பாட்டில் மூட்டை. நீலகிரியில் 2022-லிருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டுக்கும் யானைக்கும் நல்லது. ஆனால் அந்த மூட்டையை அவரே தூக்கிப் போனால், கடை வாசலில், கையில் ரொக்கத்தோடு நிற்பார். வேறு யாராவது கொண்டு போகட்டும், அவர் வருவதற்கு முன்னால்.

அக்டோபர் 16, வியாழன்
ஜூம் கூட்டம் இருக்கிறது, பஸ் வேண்டாம். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறை, பிள்ளைகள், டி.வி. ஹெட்செட் போட்டுக் கேட்கலாம், பேச முடியாது. வீடியோவை அணைத்தால் சிக்னல் கொஞ்சம் தாங்கும். ஒன்றுமில்லாததற்கு இது மேல். நேரில் போவதற்கு ஈடு இல்லை.

அக்டோபர் 18, சனி
அண்ணன் வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். பசி, கோபம், தனிமை, அசதி: இந்த நாலில் எது வந்தாலும் முதலில் அதைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே சோறு போடுகிறார் அண்ணி.

அக்டோபர் 20, திங்கள்
தீபாவளி. மச்சான் பையோடு வந்தார். பையை வாசலிலேயே வாங்கித் திருப்பிக் கொடுத்தாச்சு.

அக்டோபர் 21, செவ்வாய்
குடியை நிறுத்த நினைக்கிற இரண்டு மூன்று பேர் அதற்காக ஒன்றாக உட்கார்ந்தால் அதுவே ஒரு குழு என்கிறது ஏஏ மரபு. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கட்டபெட்டுக்காரராம். ஆக இரண்டு. ஞாயிறு மூணு மணிக்கு வைத்தால் இருட்டுவதற்குள் எல்லாருக்கும் பஸ் உண்டு. ஓர் அறை, சாவி, நாலு நாற்காலி, வாடகைக்குத் தட்டுக் காசு. குன்னூர்க் குழுவிலிருந்து பழைய ஆள் ஒருவர் முதல் சில வாரம் வந்து உட்கார்ந்தால் நல்லது. சாவி யாரிடம் என்று நாளைக்குக் கேட்க வேண்டும்