ஆறு மணித்தியால லெக்சரர்

ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் கிணற்றடியில்தான் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் வரும். ஜூன் பிறந்ததிலிருந்து இரவு பத்து மணிக்குப் பிறகு என்னை அங்கேதான் காணலாம். இங்கே இரவு பத்து என்றால் ரொறன்ரோவில் பகல் பன்னிரண்டரை, அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிற நேரம். அங்கே நான் படிப்பிக்கிற கல்லூரியிலிருந்து, செப்டெம்பரில் எனக்கு வகுப்பு இருக்கிறதா, இருந்தால் எத்தனை என்று ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். அது வரும்வரை எனக்கு வேலை இல்லை. வேலை போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வளவு மாமி அம்மாவிடம் கேட்டாவாம், "உன்ட புள்ள என்ன ராவில கிணத்தடியில தனிய நிக்குது?" என்று. பேயடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பா.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை ஊரில் விளங்கப்படுத்துவது லேசில்லை. மட்டக்களப்பில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி அப்படித்தான், செயின்ட் மைக்கேல்ஸும் அப்படித்தான். கல்லூரியில் படிப்பிக்கிறேன் என்றால் "எத்தனையாம் வகுப்புக்கு?" என்று கேட்பார்கள். பல்கலைக்கழகம் என்றால் கெம்பஸ் என்று சொல்ல வேண்டும். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் கல்லூரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாமான். 1965இல் சட்டம் போட்டு உண்டாக்கியவை. கணக்கியல், மின்னியல், சமையல், பராமரிப்பு என்று கையில் ஒரு தொழிலோடு ஆளை வெளியே அனுப்புகிற இடங்கள். அரசாங்கக் கல்லூரிகள் 24 இருக்கின்றன. நம்முடைய உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் மாதிரி என்று சொன்னால் ஓரளவு கிட்ட வரும்.

என் பெரிய மாமாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நின்றபோது கோயிலடியில் கண்டவர்களிடமெல்லாம் "மருமகள் கனடாவில லெக்சரர்" என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட ஒவ்வொருவரும் அடுத்ததாகக் கேட்டது ஒரே கேள்விதான்.

"நிரந்தரமா மகள்?"

எனக்கு அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நிரந்தர நியமனம் கிடைத்தால்தான் இங்கே வங்கி கடன் தரும், பென்ஷன் நிச்சயமாகும், கலியாணப் பேச்சுக்கே ஒரு நிறம் வரும். ஆனால் ஐந்து வருடமாக நான் அதற்கு "ஓம் மாமி, ஓம் மாமா" என்றுதான் சொல்லி வந்தேன். வீடியோ அழைப்பில் பொய் சொல்வது சுகம். நேரில் நின்று சொல்ல வாய் வரவில்லை.

2014 கடைசியில் நான் கனடாவுக்குப் போனேன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கணிதத்தில் சிறப்புப் பட்டம் எடுத்திருந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அந்தப் பட்டத்தோடு முதலில் போன வேலை ஒரு வெதுப்பகத்தில் இரவு ஷிஃப்ட். பாண் பைகளில் திகதி ஒட்டுவது. அங்கே என்னோடு நின்றவர்களில் ஒருவர் ஊரில் பல் வைத்தியர், இன்னொருவர் கொழும்பில் வங்கி முகாமையாளர். இதையெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், விடுகிறேன். கடன் எடுத்து முதுமாணி படித்து முடித்தேன். 2019 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது: யாரோ ஒருவர் விலகிவிட்டார், திங்கட்கிழமை வணிகக் கணித வகுப்பு தொடங்குகிறது, எடுப்பீர்களா? பாடத்திட்டத்தைப் பார்க்காமலே ஓம் என்றேன்.

முதல் நாள் நான் சேலை உடுத்துப் போகவில்லை என்பதே அம்மாவுக்குப் பெரிய குறை. வகுப்புக்குள் நுழைந்தால் ஒருவரும் எழும்பவில்லை. ஒரு பையன் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் ஒரு பெண் எழும்பி, என்னைப் பார்த்துத் தலையும் அசைக்காமல், வெளியே போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். என்னை விடப் பத்து வயது கூடிய ஒரு மாணவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றிரவு அவமானமாக இருந்தது. இரண்டு மாதம் போன பிறகுதான் கண்டேன்: அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர் இரவு முழுக்க டாக்ஸி ஓட்டிவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறார். கூட்டு வட்டி விளங்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் மூன்று தரம் கேட்டவரும் அவர்தான். ஊரில் நான் படித்த வகுப்புகளில் அப்படி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னொரு நாள் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டு போகிற வேகத்தில், அடுத்த வரிக்கு இறங்கும்போது என்னை அறியாமல் "மறுகா…" என்று வாயில் வந்துவிட்டது. 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். பின் வரிசையில் ஒரு பையன் சத்தமாகச் சிரித்தான். வகுப்பு முடிய வந்து, "மிஸ், நீங்க மட்டக்களப்பா? எங்கட அம்மம்மா இப்பிடித்தான் சொல்லுவா" என்றான். அம்மம்மா களுவாஞ்சிக்குடியாம். அவன் ஸ்காபரோவில் பிறந்தவன். நாற்பது பேர் இருந்த அந்த வகுப்பில் என்னை மிஸ் என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

சரி, மணித்தியாலக் கதைக்கு வருகிறேன். நான் கணக்கு வாத்தியார், கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு பாடம் கிழமைக்கு 3 மணித்தியாலம், தவணைக்கு 14 கிழமை. சம்பளம் வகுப்பில் நிற்கிற 42 மணித்தியாலத்துக்குத்தான். ஆயத்தம், திருத்தல், மாணவருக்குப் பதில் எழுதுவது எல்லாம் அதற்குள் அடக்கம் என்பது ஏற்பாடு. 40 மாணவர், 4 ஒப்படை, ஒன்றுக்கு 15 நிமிடம் என்றால் திருத்த மட்டும் 40 மணித்தியாலம் போகிறது. பரீட்சைத் தாள் வேறு. புதுப் பாடமென்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் முந்திய இரவுகள் போய்விடும். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று முதலில் கேட்டபோது வாயைப் பிளந்த நான், ஒரு தவணை முடியக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வெதுப்பகத்துச் சம்பளத்தை நினைத்துக்கொண்டேன்.

அதைவிட முக்கியம் 6, 7 என்ற இரண்டு இலக்கங்கள். கிழமைக்கு 7 முதல் 12 மணித்தியாலம் படிப்பிப்பவர் 'பகுதிச் சுமை' ஆசிரியர். தொழிற்சங்க ஒப்பந்தம் அவருக்குப் பொருந்தும். சம்பளப் படி உண்டு, செய்த தவணைகள் கணக்கில் ஏறும், அடுத்த தடவை பாடம் பிரிக்கும்போது அதைக் காட்டி முன்னுரிமை கேட்கலாம். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வெறும் பகுதிநேரம். அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே. ஒரு பாடம் 3 மணித்தியாலமென்றால் இரண்டு பாடம் 6. எனக்கு எப்போதும் இரண்டு பாடம்தான் வந்தது. மூன்றாவது வந்த ஒரே ஒரு குளிர்காலத் தவணையில் நான் நிலத்தில் நடக்கவில்லை. இது தற்செயலா, யாரோ கணக்குப் பார்த்துச் செய்வதா என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். நான் சேர்வதற்கு முன்பே, 2017 ஒக்டோபரில், 24 கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் ஐந்து கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்படி ஒப்பந்தத்தில் தொங்குகிறவர்கள் பெருகிப்போனது அந்தச் சண்டையின் பெரிய காரணங்களில் ஒன்று. மாகாண அரசு சட்டம் போட்டுத்தான் வகுப்புகளைத் திறந்தது.

எனக்கு மேசையும் கிடையாது. பகுதிநேரக்காரர் அறை என்று ஒன்று இருக்கும். எட்டுக் கதிரை, நான்கு கணினி, முதலில் வந்தவருக்கு இடம். என் அலுவலகம் முதுகில் தொங்குகிற பைதான். ஜனவரியில் பனிக்குள் இரண்டு பஸ் மாறி, அந்தப் பையோடு இன்னொரு வளாகத்துக்குப் போவேன். திருத்தின தாள் நனையாமல் இருக்கப் பலசரக்குக் கடைப் பையில் சுற்றி வைப்பேன். இறால் வாங்கிய பை என்று ஒரு நாள் வகுப்பே கண்டுபிடித்துவிட்டது.

2024 ஜனவரி 22 அன்று, பன்னாட்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் படிப்பு அனுமதிகளுக்கு வரம்பு போடுவதாகக் கனடா அறிவித்தது. அந்த வருடத்துக்கு ஏறத்தாழ 3,60,000, அதாவது முந்திய வருடத்தை விட 35 வீதம் குறைவு. வீட்டு வாடகை ஏறிக்கிடந்த காலம், பலர் கை தட்டினார்கள். ஆனால் ஒன்ராறியோக் கல்லூரிகள் ஓடிக்கொண்டிருந்ததே பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தில். பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் காணி விற்று வந்தவர்கள் குறைய, வகுப்புகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. சுருங்கும்போது முதலில் கழன்று விழுவது எங்களைப் போன்றவர்கள்தான். எங்களை நிற்பாட்டக் கடிதம் கூடத் தேவையில்லை, புது ஒப்பந்தம் அனுப்பாமல் விட்டால் போதும். எனக்கு இரண்டு ஒன்றாகியது. இந்தக் கோடையில் ஒன்றும் இல்லை. வேலையற்றோர் காப்புறுதிக்கு மனுப் போடலாம், ஆனால் நாட்டுக்கு வெளியே நிற்கிற நாட்களுக்குப் பொதுவாக அந்தக் காசு கிடையாது. பத்து வருடத்துக்குப் பிறகு சடங்கு பார்க்க வந்த செலவில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கடைசியில் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். ஒரு பின்னேரம், கச்சான் காற்று வேலியைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க, திண்ணையில் இருந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தபோது. நிரந்தரம் இல்லை, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எழுதித் தருகிற வேலை, இப்போது அதுவும் இல்லை என்றேன். அழுவா என்று நினைத்தேன். அம்மா நண்டுக் காலை முறித்துக்கொண்டே, "அப்ப நீ தொண்டர் ஆசிரியையா?" என்று கேட்டா.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. தொண்ணூறுகளில் அம்மா வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொண்டர் ஆசிரியை. சண்டைக்குள் அந்தப் பக்கம் போக நியமனக்காரர் தயங்கிய காலம். ஏழு வருடம் போனா. மண்முனையில் அப்போது பாலம் இல்லை, வாவியைக் கடக்கப் பாதைதான். பாதை என்றால் எங்கள் ஊரில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கரை மாற்றுகிற மிதவை. இந்தக் கரையில் ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை, அந்தக் கரையில் இயக்கத்துக்குக் காரணம். சம்பளம் என்று ஒன்றும் இல்லை, ஊரார் சேர்த்துக் கொடுக்கிற ஏதோ கொஞ்சம். தமிழ் படித்த அம்மா சித்திரமும் விவசாயமும் படிப்பித்தா. ஒவ்வொரு வருடமும் நியமனம் வருகிறது என்று கதை வரும், நேர்முகத் தேர்வுக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போவா. பாலம் 2014 ஏப்ரலில் திறந்தபோது அம்மாவுக்கு நிரந்தரமும் கிடைத்து, ஓய்வுக்குக் கிட்ட வந்துவிட்டது.

ஏழு வருடமும் அம்மா எங்களிடம் சொன்னது "வேலைக்குப் போறன்" என்றுதான். தொண்டர் என்ற சொல்லையே நான் உயர்தரம் படிக்கும்போதுதான் கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து அம்மாவும் இரவில் கிணற்றடிக்கு வருவா. துணி தோய்க்கிற கல்லில் இருந்துகொண்டு, "வந்திட்டா?" என்று மட்டும் கேட்பா.

ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய், பதினொன்றே காலுக்கு வந்தது. இரண்டு பாடம். ஒன்று என் பழைய வணிகக் கணிதம். மற்றது எக்செல், நான் ஒருநாளும் படிப்பிக்காதது.

"எத்தின மணித்தியாலம்?"

"ஆறு."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "அந்த ஏழாவது மணித்தியாலத்த ஆருக்குத்தான் குடுக்கிறானுகள்?"

பற்றரி தீர்வதற்குள் ஓம் என்று பதில் அனுப்பினேன்.

காலையில் எழும்பிப் பார்த்தால் யன்னலடி மேசையில் இருந்த தையல் மெசினை அம்மா தூக்கி உள் அறையில் வைத்திருந்தா. மேசையைத் துடைத்து, நான் உயர்தரத்துக்குப் படித்த காலத்துக் கதிரையைக் கொண்டுவந்து போட்டிருந்தா. "பத்து மணிக்குள்ள படி," என்றா. "மறுகா கச்சான் எழும்பினா மண் பறக்கும்."