வி.சி. (துணைவேந்தர்) பதவிக்கு அப்ளை பண்ணின அனுபவம்

எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு மூணு பேர் ப்ரொஃபசரா பத்து வருஷத்த நெருங்கிட்டாங்க, "மேடம் நீங்க வி.சி.க்கு அப்ளை பண்ணினீங்களே, எப்படி பண்ணினீங்க"னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் சயின்ஸ் சைடு. தமிழ்நாட்டுல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்), ஐ.க்யூ.ஏ.சி. (யுனிவர்சிட்டியோட தரத்த பாத்துக்கற பிரிவு) டைரக்டர், அப்புறம் டீன்னு இருந்தவ. இன்னொரு ஸ்டேட் யுனிவர்சிட்டி வி.சி. பதவிக்கு அப்ளை பண்ணி, பேர்களத் தேர்வு பண்ணி அனுப்பற சர்ச் கமிட்டி நேர்ல கூப்பிட்டுப் பேசற இன்டராக்‌ஷன் வரைக்கும் போனேன், போஸ்டிங் வேற ஒருத்தருக்குப் போச்சு.

மொதல்ல பாக்க வேண்டியது ப்ரொஃபசர் ஆன தேதி. யு.ஜி.சி.யோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ரெகுலேஷன்படி வி.சி. ஆகணும்னா ப்ரொஃபசரா 10 வருஷ சர்வீஸ் வேணும், இல்லனா பேர் பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துலயோ கல்வி நிர்வாக அமைப்புலயோ 10 வருஷ அனுபவம். சி.ஏ.எஸ்.ல (சர்வீஸ், தகுதி பாத்து ப்ரமோஷன் குடுக்கற திட்டம்) ப்ரமோஷன் வாங்கினவங்களுக்கு இன்டர்வியூ ஒரு வருஷம் நடக்கும், சிண்டிகேட் (யுனிவர்சிட்டியோட நிர்வாகக் குழு) அப்ரூவல் இன்னொரு வருஷம் வரும், ஆனா தகுதி வந்த ஒடனே அப்ளை பண்ணி மொத தடவையே செலக்ட் ஆகியிருந்தா தகுதி வந்த தேதில இருந்தே ப்ரமோஷன். மொத தடவை கிடைக்காம அடுத்த தடவை கிடைச்சா அந்த அடுத்த தேதிதான். அதனால ப்ரமோஷன் ப்ரொசீடிங்ஸ்ல (ஆர்டர்ல) எந்த தேதி போட்டிருக்குனு இன்னிக்கே எடுத்துப் பாருங்க, தப்பா இருந்தா ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இப்பவே திருத்தி வாங்கிடுங்க, நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் அலைஞ்சா டைம் பத்தாது.

இன்னும் அசோசியேட்டா இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 13ஏ சம்பள லெவல்ல (அசோசியேட்) இருந்து 14க்கு (ப்ரொஃபசர்) வர 3 வருஷ சர்வீஸ், பிஹெச்.டி., 10 பேப்பர் (அதுல 3 அந்த அசெஸ்மென்ட் பீரியட்ல வந்திருக்கணும்), ஒரு ஸ்காலரையாவது பிஹெச்.டி. முடிக்க வெச்சதுக்கு ஆதாரம், 110 ரிசர்ச் ஸ்கோர் (பேப்பர், ப்ராஜெக்ட்னு எல்லாத்துக்கும் போடற மார்க்). ரெண்டு பேர் சேர்ந்து எழுதின பேப்பர்னா ஆளுக்கு அந்த மார்க்ல 70 சதவீதம், அதுக்கு மேல ஆள் இருந்தா மொத ஆத்தருக்கோ கரெஸ்பாண்டிங் ஆத்தருக்கோ 70, மத்தவங்களுக்கு 30. பெரிய டீம்ல பேர் சேர்ந்தா போதும்னு நெனைக்கிற நம்ம சயின்ஸ் ஆளுங்க இந்தக் கணக்க சீக்கிரமே போட்டுப் பாக்கணும்.

சரி, வி.சி. அப்ளிகேஷனுக்கு வரேன். பேப்பர், ப்ராஜெக்ட், ஸ்காலர்ஸ் லிஸ்ட் எல்லாம் நம்மகிட்ட ரெடியா இருக்கும், அது கஷ்டமே இல்ல. கஷ்டம் எங்கன்னா நிர்வாக அனுபவத்துக்கு ஆதாரம் காட்டறதுல. ஹெச்.ஓ.டி. ரொட்டேஷன்ல வந்ததுக்கான ஆர்டர், டீன் ஆர்டர், ஃபைனான்ஸ் கமிட்டில உக்காந்ததுக்கான மினிட்ஸ், நாக் (தர மதிப்பீட்டுக் குழு) வந்தப்போ கோஆர்டினேட்டரா போட்ட சர்க்குலர், இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டில காலேஜ் காலேஜா போனதுக்கான லெட்டர்னு ஒவ்வொண்ணுக்கும் காகிதம் வேணும். நாமல்லாம் வேலைய செஞ்சிட்டு ஆர்டர ஒரு ஓரமா போட்டுடுவோம், அப்படிப் போட்டுடாதீங்க, கெடச்ச அன்னிக்கே ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல வைங்க. நம்ம யுனிவர்சிட்டி மூலமாத்தான் அனுப்பணும், என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லங்கற சர்டிஃபிகேட்) வேணும், விஜிலென்ஸ் க்ளியரன்ஸ் (நம்ம மேல புகார், விசாரணை இல்லங்கற சான்று) வேணும், அந்த ஃபைல் ஒவ்வொரு டேபிளா நகர்றதுக்குள்ள கடைசி தேதி வந்துடும், அட்வான்ஸ் காப்பி (நேரடியா முன்கூட்டியே ஒரு நகல்) கண்டிப்பா அனுப்பிடுங்க.

விஷன் டாக்குமென்ட்னு ஒண்ணு கேப்பாங்க. உலகத் தரம், சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்னு எல்லாரும் எழுதறதயே எழுதாதீங்க. நான் போகப்போற யுனிவர்சிட்டியோட ஆன்யுவல் ரிப்போர்ட், பட்ஜெட், ஆடிட் ரிப்போர்ட் எல்லாம் தேடிப் படிச்சு, ரிசல்ட் ஏன் லேட்டாகுது, எந்த டிபார்ட்மென்ட்ல பர்மனென்ட் ஆளே இல்ல, பென்ஷனுக்கு வருஷா வருஷம் எவ்ளோ போகுதுன்னு அத வெச்சு எழுதினேன். இன்டராக்‌ஷன்லயும் இதத்தான் கேட்டாங்க. என் ரிசர்ச் பத்தி ஒரு கேள்வி, அதுக்கப்புறம் முழுக்க பணம், ஆள், கோர்ட் கேஸ்தான். லோக்கல் ஃபண்ட் ஆடிட்ல (அரசு தணிக்கைல) பல வருஷமா நிக்கிற அப்ஜெக்‌ஷன எப்படி முடிப்பீங்க, ரிட்டயர் ஆனவங்களுக்கு பாக்கி எப்படி குடுப்பீங்க, கெஸ்ட் லெக்சரர்ஸ் ஸ்ட்ரைக் பண்ணினா என்ன பண்ணுவீங்கனு. கடைசி கேள்விக்கு நான் மனசுல இருந்தத அப்படியே சொன்னேன். யு.ஜி.சி. 2019ல ஒரு லெக்சருக்கு 1,500 ரூபா, மாசம் 50,000 ரூபா வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லியிருக்கு, அதுக்குப் பக்கத்துல கூட வராத சம்பளத்துல பிஹெச்.டி. முடிச்ச பிள்ளைங்க பல வருஷமா க்ளாஸ் எடுத்துட்டு இருக்காங்க, ஸ்ட்ரைக்க அடக்கறத பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பணத்துக்கு வழி தேடணும்னேன். இப்பவும் அதே பதில்தான் சொல்லுவேன்.

கமிட்டி மெம்பர் ஒருத்தர் "ஃபேமிலி கூட வந்துடுமா"னு கேட்டார். வெளில காத்திருந்த ஆம்பள கேண்டிடேட்ஸ்கிட்ட விசாரிச்சேன், ஒருத்தர்கிட்டயும் அத கேக்கல. எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. திருநெல்வேலில மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டிய 1992ல இருந்து 1998 வரைக்கும் வசந்தி தேவி அம்மா வி.சி.யா இருந்து நடத்தினாங்க, அதெல்லாம் பாத்து வளந்த தலைமுறை நாங்க. அதனால இந்தக் கேள்வி வரும்னு பெண்கள் எதிர்பார்த்தே போங்க, "நிர்வாகத்துக்கு சம்பந்தப்பட்டத கேளுங்க சார்"னு அமைதியா சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க.

அப்புறம் சர்ச் கமிட்டி தேர்ந்தெடுத்த மூணு பேர் பேனல் சான்சலருக்கு (வேந்தர், அதாவது கவர்னர்) போகும், அதுல ஒருத்தர செலக்ட் பண்ணுவாங்க. இந்த ப்ராசஸ்ல சின்னதா ஒரு கோளாறு இருந்தாலும் பதவியே போயிடும். 2022ல கேரளாவுல அப்துல் கலாம் டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டி வி.சி. நியமனத்த சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு, கமிட்டி ஒரே ஒரு பேர அனுப்பினது பெரிய காரணம். கமிட்டி சரியா அமைஞ்சிருக்கா, யு.ஜி.சி. நாமினி இருக்காரான்னு பாத்துக்கறது கேண்டிடேட்டுக்கும் நல்லது.

நம்ம ஊர் நிலைமை 2025ல இன்னும் சிக்கலாச்சு. வி.சி.ய நியமிக்கற அதிகாரத்த கவர்னர்கிட்ட இருந்து அரசுக்கு மாத்தற மசோதாக்கள் கவர்னர் ஒப்புதல் இல்லாமலே கெடந்து, 2025 ஏப்ரல் 8ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால சட்டமாச்சு, அடுத்த மாசமே மே 21ல சென்னை ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. சென்னை யுனிவர்சிட்டில 2023 ஆகஸ்ட்ல வி.சி. பதவி காலியாகி கன்வீனர் கமிட்டி (வி.சி. இல்லாதப்போ நிர்வாகத்த பாத்துக்கற குழு) கைக்கு நிர்வாகம் போச்சு. 1857ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, லட்சுமணசாமி முதலியார் 27 வருஷம் வி.சி.யா இருந்த எடம், அங்கயே இப்படின்னா வயிறு எரியுது. அது போதாதுன்னு 2025 ஜனவரில வந்த யு.ஜி.சி. வரைவுல இண்டஸ்ட்ரில, பொது நிர்வாகத்துல பெரிய பதவில 10 வருஷம் இருந்தவங்களும் வி.சி. ஆகலாம்னு போட்டாங்க, நம்ம சட்டசபை அதே மாசம் எதிர்த்து தீர்மானம் போட்டுச்சு. நானும் எதிர்ப்புதான். க்ளாஸ் எடுத்து, வைவா நடத்தி, பேப்பர் திருத்தி, ஹாஸ்டல் பிரச்சனைக்கு ராத்திரி ஓடிப்போனவங்களுக்குத்தான் இந்த வேலை என்னன்னு தெரியும்.

என் விஷன் டாக்குமென்ட், அனெக்சர் லிஸ்ட், என்.ஓ.சி.க்கு எழுதின லெட்டர் மாடல் மூணும் டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல குடுத்து வெச்சிருக்கேன், வேணுங்கறவங்க ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். பட்ஜெட் எப்படி படிக்கணும்னு தெரியலன்னா சனிக்கிழமை மத்தியானம் வாங்க, உக்காந்து சொல்லித் தரேன்.