ஓரியூர்: திரும்பி வந்தவரின் மண்

மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத் தொண்டிச் சாலையில் கிழக்கே போகப் போக வயல்கள் குறைந்து, கண்மாய்க் கரைகளும் சீமைக் கருவேலங்காடுகளுமாக நிலம் வறண்டுகொண்டே வருகிறது. திருவாடானைக்கு அப்பால் கிளைச்சாலையில் பிரிந்தால் ஓரியூர். மதுரை மறைபரப்புத் தளத்தில் உழைத்த இயேசு சபைத் துறவி புனித அருளானந்தர், 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இந்த ஊரில்தான் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தார். அன்று தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன். தவக்காலத்தில் இங்கு வருவதற்கு அதைவிட வேறு காரணம் எங்கள் குடும்பத்துக்குத் தேவைப்படவில்லை.

எங்களுடன் மதினியும் வந்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சை இழந்து என் அண்ணன் படுக்கையில் விழுந்த பின், ஒவ்வொரு தவக்காலத்திலும் அவர் ஓரியூருக்கு வந்துவிடுகிறார். அண்ணன் எழுந்து நடக்கவில்லை. ஓரிரு சொற்களைத் திக்கித் திக்கிச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் மதினியின் ஓரியூர்ப் பயணம் ஓர் ஆண்டும் நின்றதில்லை.

அருளானந்தரே ஒரு வேண்டுதல் பிள்ளை என்பது இங்கு வரும் பலருக்குத் தெரியாது. அவருடைய இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. லிஸ்பனில் 1647-இல் பிறந்த அவர் சிறுவயதில் கடும் நோயுற்றபோது, மகன் பிழைத்தால் அவனுக்கு ஓராண்டு இயேசு சபையின் அங்கி அணிவிப்பதாக அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, நேர்த்திக்கடனும் நிறைவேறியது. இளவரசர் பேத்ருவின் தோழனாக அரண்மனையில் வளர்ந்த அந்தச் சிறுவன், பின்னர் உண்மையிலேயே அந்தச் சபையில் சேர்ந்து 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1606-இல் மதுரைக்கு வந்து, இம்மண்ணின் வாழ்க்கைமுறையைத் தமதாக்கிக்கொண்ட இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலியின் அடியொற்றி, புலால் மறுத்து, காவி உடுத்தி, பண்டார சுவாமியாக ஊர் ஊராக நடந்தார்.

அவர் இரத்தம் சிந்திய நாளைவிட, அதற்கு முந்தைய சில ஆண்டுகளே என் மனத்தை அதிகம் தொடுகின்றன. 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்ட அவர், உடன் இருந்த கிறிஸ்தவர்களோடு கொடிய வதைகளுக்கு உள்ளானார். அந்நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி அவரை விடுவித்தபோதிலும், தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று தடை விதித்தார். அடுத்த ஆண்டே சபைப் பணி அவரைப் போர்த்துகலுக்கு அழைத்துச் சென்றது. அங்கே அவருடைய பால்ய நண்பர் இப்போது அரசராக இருந்தார். அரண்மனையிலேயே தங்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். உடலில் வதையின் தழும்புகளைச் சுமந்த ஒருவர், நான் செய்தது போதும் என்று அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அவரோ 1690-இல் மறுபடியும் கப்பலேறி, தம்மைத் துரத்திய அதே மறவர் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆர்வத்தின் வேகத்தில் முதல் முறை புறப்படுவது பலராலும் முடியும். என்ன நேரும் என்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை புறப்படுவதற்குத்தான் இறைநம்பிக்கையின் முழு பலமும் வேண்டியிருக்கிறது.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. நோயிலிருந்து குணமடைந்த மறவர் நாட்டுச் சிற்றரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவுசெய்தார், விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர் என்பதால் புகார் அரண்மனைக்குப் போனது, அருளானந்தர் சிறைப்பட்டார். ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்டு, சாவுக்கு முந்தைய நாள் சிறையில் இருந்தபடி அவர் தம் சபையினருக்குக் கடிதம் எழுதினார். மையும் இறகும் இல்லாததால் கரியை நீரில் குழைத்து, ஒரு துரும்பைத் தோய்த்து எழுதினார். இந்த ஒரு செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். விடிந்தால் தன் தலை போகும் என்று அறிந்த மனிதர், அந்தத் துரும்பு மையைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக வரும்வரை பொறுமையோடு எழுதியிருக்கிறார்.

ஓரியூர் மண் சிவப்பு. அவருடைய இரத்தம் பட்டதால் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. திருத்தலத்தில் எங்களுக்கு அருகே இருந்த இளம்பெண் ஒருத்தி, மண்ணை உள்ளங்கையில் பரப்பி, சிறு கற்களையும் வேர்த்துணுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, நைந்து மாவாக இருந்ததை மட்டும் நீர் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் பூசினாள். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பிற சமயத்தவரும் அருளானந்தரைத் தங்கள் சாமியாகவே எண்ணி, மொட்டை போடவும் காது குத்தவும் இங்கு வருகிறார்கள்.

இந்த மண் நோயைத் தீர்க்குமா என்று கேட்பவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. கேட்டது கிடைத்தால்தான் நம்பிக்கை என்றால், அந்த நம்பிக்கைக்கு இந்த இடத்தில் ஆதாரமே இல்லை; ஏனெனில் இங்கு வணங்கப்படுபவர் வாளிலிருந்து காப்பாற்றப்படவில்லை. துன்பத்தால் மனவுறுதியும், அதிலிருந்து தகைமையும், அதிலிருந்து எதிர்நோக்கும் பிறப்பதாக உரோமையருக்குப் பவுல் எழுதினார். 2025 யூபிலி ஆண்டுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் நம்மையெல்லாம் எதிர்நோக்கின் திருப்பயணிகளாக நடக்க அழைத்தபோதும் அந்தத் திருமுகத்தின் சொல்லையே பற்றிக்கொண்டார். அது மேடையில் கேட்கும்போது அழகாக இருக்கும் வாக்கியம். ஆண்டுக்கணக்கில் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்குத்தான் அதன் எடை தெரியும்.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று மதினியிடம் கேட்டேன்.

“அவர எந்திரிச்சு நடக்க வையின்னு மொத வருசம் கேட்டேன் தம்பி. இப்பவும் கேக்குறேன், கேக்காம இருப்பேனா? ஆனா அதுக்கு முன்னாடி, நாளைக்குக் காலையில நான் எந்திரிச்சு அவருக்குக் கஞ்சி ஊட்டத் தெம்பு குடுன்னு கேட்டுக்கிறேன். அத இதுவரைக்கும் இல்லன்னு சொன்னதில்ல சாமி.”

அருளானந்தர் 1947-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். உரோமையின் அந்த அறிவிப்புக்குக் காத்திராமலே இந்தச் சீமையின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அவரிடம் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தோன்றியது.

மதினி ஒரு பிடி மண்ணை முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். அண்ணனுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவர் மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவார் என்று அவர் அவசரப்படுத்தியதால், திருவாடானையில் தேநீருக்குக்கூட வண்டியை நிறுத்தாமல் மதுரைக்குத் திரும்பினோம்.