சுடிதாருக்கு ஏற்ற ஹோல்ஸ்டர்

எங்கள் பக்கம் கல்யாணத்தில் சாமான் பரப்புவார்கள். எவர்சில்வர், பித்தளை, வெங்கலம், மங்கு, மரச்சாமான், தடுக்கு, விசிறி என்று பட்டாலை நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள். பேரன் பேத்தி காலம் வரைக்கும் வேண்டியதைப் பெற்றவர்கள் அன்றைக்கே யோசித்துவிட்டார்கள் என்று தோன்றும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எனக்கும் அப்படித்தான் பரப்பினார்கள். அதில் பாதி இன்னும் இரண்டாங்கட்டு அறையில் பூட்டிக் கிடக்கிறது. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குத் தெற்கே பெட்ரோல் பங்கும் அதை ஒட்டி ஒரு கடையும் வைத்துப் பிழைக்கப் போகிறவளுக்கு, இடுப்பில் ரிவால்வர் வைக்க ஹோல்ஸ்டர் என்கிற ஒரு உறை தேவைப்படும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த முறை அப்பச்சியின் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபதாம் வயதுப் பீமரத சாந்திக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். நான் துப்பாக்கி வாங்கிய சேதி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. வளவில் பெண்டுகள் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தபோது பேச்சு நகையிலிருந்து நேராகத் துப்பாக்கிக்குத் தாவியது. "ஆச்சி, அதை எங்கெ வச்சுக்குவிய? குத்தாதா?" என்றாள் சித்தப்பா மகள். எங்களுக்கு ஆச்சி என்றால் அக்கா. சரியான கேள்வி. எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்று ஆண்கள் கேட்டதெல்லாம் அப்புறம்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி என்னும் வேலை விசா, அவர்களின் கணவன் மனைவிக்குத் தரும் எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் சில உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது வீண் வம்பு என்பது என் எண்ணம். கிரீன் கார்டு கைக்கு வந்தபின் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பின்னணியைச் சோதித்துத் தருவார்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் நானும் வீட்டுக்காரரும் உரிமம் எடுத்தோம். வேறு பல மாநிலங்களில் அது செல்லும். வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு 3, 7, 15 கெஜ தூரத்திலிருந்து மொத்தம் 50 குண்டு சுட வேண்டும். எப்போது எடுக்கக் கூடாது என்பதுதான் அந்த வகுப்பில் நான் கவனித்துக் கேட்ட பகுதி. ஒருவன் கல்லாவைக் கேட்டால் கல்லாவைக் கொடுத்துவிட வேண்டியதுதான். பணம் போனால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் அப்பச்சி, "அப்பறம் எதுக்கு ஆத்தா அதைச் சுமக்கிறே?" என்றார். கல்லாவோடு போகாதவனும் ஒருவன் இருப்பான் அல்லவா, அவனுக்காகத்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, ஆளில்லாத வெளிச்சத்தில் கார் வரைக்கும் நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் என் கணக்கு. பள்ளத்தூர் வீட்டில் காவலைச் சுவரிலேயே வைத்துக் கட்டிவிட்டார்கள்: தேக்குக் கதவு, இரும்புக் கம்பி, கட்டுக்குக் கட்டு பூட்டு. எங்கள் டெக்சாஸ் வீடு மரச் சட்டத்தில் அட்டை அடித்தது. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, கொண்டுவிக்க என்று கடல் கடந்து தொழிலுக்குப் போய் ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடிப் பையனாக, கடையில் வேலை பழகும் எடுபிடியாக இருந்தபோதுகூட, வாசலில் நிற்கத் தர்வான் என்கிற காவலாள் இருந்தான் என்பார். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் ரகம், குழல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வெறும் எடை சுமார் 410 கிராம், தோட்டாவோடு ஏறக்குறைய அரைக் கிலோ. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற மேல்பகுதியை இழுத்துவிட வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் ட்ரிகர், கனம்; சுமார் ஐந்து கிலோ அழுத்தம் வேண்டும். சேப்டி லாக்கு என்று விரலால் தட்டுகிற பொத்தான் கிடையாது. அந்தக் கனமான விசையும் அதை மூடியிருக்கும் உறையும்தான் பாதுகாப்பு. ஆகவே சிறிய ரிவால்வருக்கு உறை என்பது பை அல்ல, துப்பாக்கியின் ஒரு உறுப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சௌகரியம் என்று பேசுவதற்கு முன் இதைத் தாண்ட முடியாது. விசையும் அதைச் சுற்றிய வளையமும் முழுக்க மூடியிருக்க வேண்டும்; வெளியிலிருந்து விரலோ, பேனாவோ, துணி மடிப்போ உள்ளே போய் அழுத்தக் கூடாது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக் கூடாது. தோட்டா இல்லாமல், கட்டிலின் மேல் பிடித்துச் செய்து பாருங்கள். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று மலிவாக விற்கிற நைலான் உறைகள் இந்த மூன்றிலும் தோற்கும். பழைய தோல் உறையும் வாய் தொய்ந்து உள்ளே மடிந்தால், திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும்.

இனி, குத்துமா குத்தாதா என்பது.

அங்கே பெரும்பாலான அறிவுரை ஜீன்ஸும் தடித்த பெல்ட்டும் போட்ட, இடுப்பு நேராக இறங்குகிற ஆணை வைத்துச் சொல்லப்படுவது. வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே, பேண்டுக்கு உள்பக்கம் செருகினால் அவர்களுக்கு மறைந்துவிடுகிறது. என் போன்ற உடம்பில் இடுப்பு அகன்று வெளியே வளைவதால், அதே இடத்தில் வைத்தால் கைப்பிடி விலாவை நோக்கிச் சாய்ந்து குத்தும். ரிவால்வரில் இன்னொரு சங்கடம் தோட்டாக்கள் இருக்கும் உருளை. அதுதான் ஆகத் தடிமனான இடம், ஒரு அங்குலத்துக்கு மேல். அது இடுப்பெலும்பின் மேலேயே உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நொந்துபோகும். சற்றே முன்னே தள்ளி, எலும்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்தால் அதே துப்பாக்கி காணாமல் போகிறது. குழல் குட்டையாக இருப்பதால் உட்காரும்போது தொடையில் இடிப்பதில்லை. ஆனால் உறையும் குழல் அளவுக்கே குட்டையாக இருந்தால் மேல்பாரம் கூடிக் கைப்பிடி வெளியே கவிழ்கிறது. உறை மட்டும் ஒன்றிரண்டு அங்குலம் நீளமாக இருந்தால் அது நிமிர்ந்து நிற்கும். உறையின் கீழ்ப்பக்கம் உடம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டினால் கைப்பிடி உள்ளே சாய்ந்துகொள்ளும். சிறிய ரிவால்வரின் கைப்பிடி உருண்டையாக இருப்பது ஒரு வரம். பிஸ்டலைப் போலச் சட்டையில் மூலை தெரிவதில்லை.

முன்னால் வைக்கும்போது குழல் தொடையின் பெரிய ரத்தக் குழாய் பக்கம் பார்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. நான் உடம்பில் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைச் செருகுவதே இல்லை. உறையைக் கழற்றி, மேசையில் வைத்து, பார்த்துச் செருகி, அப்படியே எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.

கடையில் நான் முக்கால்வாசி நாள் சுடிதாரில்தான். நாடாவில் அரைக் கிலோ தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பெல்ட் வேண்டாத வழி பெல்லி பேண்ட்: வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை. ஆயா (எங்கள் பாட்டி) சுருக்குப்பையைக் கொசுவத்துக்குள் செருகி வைத்திருப்பார்களே, இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது, கேட்டால் சட்டென்று கைக்கு வரும், அந்த மாதிரி. வெறும் துணிப்பை தைத்த பட்டையை வாங்காதீர்கள், துணிக்கு மேலாகவே விசையை அழுத்திவிட முடியும். கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு பதித்த பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். துப்பாக்கி உள்ளே போகும்போது விசை வளையத்தில் 'டக்' என்று பிடிக்கும் சத்தம் கேட்கும். சுடிதாரின் பக்கவாட்டு வெட்டு இருக்கிறதே, அதை யார் கண்டுபிடித்தார்களோ, இதற்கென்றே தைத்த மாதிரி. இடது கையால் முன்துணியை ஒதுக்கினால் வலது கைக்கு நேராகக் கைப்பிடி. டி-ஷர்ட் போட்ட அமெரிக்கப் பெண்ணுக்கு இந்த வசதி கிடையாது. துணி மட்டும் கொஞ்சம் கனமான காட்டனாக, பூப்போட்டதாக இருக்க வேண்டும். ஷிஃபானில் எல்லாம் தெரியும்.

ஹூஸ்டனின் கோடை காரைக்குடி வெயிலைவிடப் புழுக்கம். எலாஸ்டிக் பட்டை வேர்வையில் நனைந்து அரிக்கும். உள்ளே ஒரு பருத்திப் பனியன் போட்டு, அதற்குமேல் கட்டுகிறேன். பட்டை இரண்டு வைத்து மாற்றிக் கட்டினால் துவைத்துக் காயவைக்க நேரம் கிடைக்கும். வெல்க்ரோ நாளாவட்டத்தில் பிடிப்பு விடும், அப்போது தயங்காமல் மாற்ற வேண்டும். தோல் உறை உடம்போடு இணங்கிப்போகும், உண்மைதான். ஆனால் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துப்பாக்கியில் துருவேற்றும். ராத்திரி தோல் உறையிலேயே விட்டு வைக்கக் கூடாது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேண்ட் பையில் வைக்கும் பாக்கெட் ஹோல்ஸ்டர் என் வீட்டுக்காரருக்குப் பொருந்துகிறது. சொரசொரப்பான வெளித்துணி பைக்குள்ளேயே தங்கிவிட, துப்பாக்கி மட்டும் வெளியே வரும். அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் போடக் கூடாது. உட்கார்ந்த நிலையில் எடுப்பது பாடு. பெண்கள் ஜீன்ஸின் பை மூன்று விரல் ஆழம், அதில் பேச்சுக்கே இடமில்லை. கணுக்கால் உறையைப் பட்டியாலா சல்வாருக்குள் யாரும் கண்டுபிடிக்க முடியாது, எடுக்கக் குனிந்தவளை நிமிரவும் விடமாட்டார்கள். நடுமுதுகில் வைப்பது மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. கைப்பையில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், இரண்டு வயதுப் பிள்ளை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனாள். பையைத் தோளிலிருந்து இறக்காத பெண் எங்கே இருக்கிறாள்?

கடைக்காரர் கண்ணாடி முன்னால் நிறுத்தி "தெரியவே இல்லை" என்பார். அதை நம்ப வேண்டாம். நான் வீட்டில் தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டு, டம்மித் தோட்டா போட்டு மாலை முழுக்க அணிந்து பார்த்தேன். தோசை வார்த்தேன், கீழ்த்தட்டிலிருந்து பால் கேன்களை எடுத்தேன், சீட் பெல்ட் போட்டு வண்டி ஓட்டினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதுதான் கடைசிப் பரீட்சை. பல உறை அதில்தான் தோற்கும். அங்குள்ள உறை செய்கிறவர்கள் நினைத்தே பார்க்காத ஆசனம் அது.

போட்டுக்கொள்வதைப் போலவே கழற்றுவதும் அன்றாட வேலை. பள்ளிக்கூடம், நீதிமன்றம், விமான நிலையத்தில் சோதனை தாண்டிய பகுதி இங்கெல்லாம் கூடாது. 30.06 என்று சட்டப் பிரிவின் எண் போட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் பலகை வைத்த இடத்துக்குள் உரிமம் இருந்தாலும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. உட்கார்ந்து குடிக்கும் மது பாரில் சிவப்பில் 51% என்று பலகை இருக்கும், அங்கும் கூடாது. போலீஸ் நிறுத்தி அடையாளம் கேட்டால், அப்போது துப்பாக்கி இருந்தால் ஓட்டுநர் உரிமத்தோடு இந்த உரிமத்தையும் காட்ட வேண்டும். கை இரண்டும் ஸ்டியரிங் மேல். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குச் சேலையில் போவேன். சேலைக்கு ஒத்துவரும் உறை ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. அன்றைக்கு அது வீட்டுப் பெட்டகத்தில்தான்.

அப்பச்சிக்கு இதெல்லாம் விசித்திரம். ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு அவர் கலெக்டர் ஆபீஸுக்கு உரிமம் புதுப்பிக்க நடந்தது, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கியது எல்லாம் ஒரு பெரிய கதை. தம்பி மட்டும் விடவில்லை. கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் கொண்டுவந்ததே, .32, அரைக் கிலோ, ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் என்றான். நகைப்பெட்டி மாதிரிப் பெட்டியில் வைத்து விற்றார்களாம். உறையைப் பற்றி யாராவது யோசித்தார்களா என்று கேட்டேன். "காரைக்குடியில தச்சுரலாம் ஆச்சி" என்றான். நல்ல தோல்காரர் தைப்பார்தான், ஆனால் அளவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமே. இந்தியாவில் உரிமமில்லாமல் பையடியில் ஒரு தோட்டா கிடந்தாலே ஆயுதச் சட்டத்தில் வழக்கு. அமெரிக்காவிலிருந்து வந்து விமான நிலையத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையை நான் ஊர்ப் பயணத்துக்குத் தொடுவதே இல்லை.

சித்தப்பா மகள் அடுத்த மாதம் டாலஸுக்குக் குடிபோகிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் போன உடனே ஒண்ணு வாங்கிறவா ஆச்சி?" என்றாள்.

"நீ போறது எச்-4. மொதல்ல கார் ஓட்டப் படி" என்றேன்.