படகுக் கொட்டகை நாட்குறிப்பு

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கள் கொட்டகை அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்ததும் முதலில் ஈரப்பதமானியைத்தான் பார்ப்பேன். இன்று 81. நேற்று மாலை யாரோ பின்பக்க ஜன்னலைச் சாத்தாமல் போயிருக்கிறார்கள். சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் எங்கள் பித்தளைச் சாமான்கள் மேல் படியும் உப்புத்தூசு முழுசாக உலர்வதே இல்லை. உட்கார்ந்த இடத்தில் அரித்துக்கொண்டே இருக்கும்.

புதிதாக வந்த பையன் கப்பல் மணியைப் பளபளவென்று தேய்த்துத் தரட்டுமா என்று ஆசையாகக் கேட்டான். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது. மணியில் செதுக்கிய கப்பல் பெயரில் இரண்டு எழுத்து ஏற்கெனவே மழுங்கிவிட்டது, முன்பு நல்லெண்ணத்தோடு தேய்த்தவர்களால். அவன் முகம் வாடியதைப் பார்த்துத் தூரிகையையும் உலர்ந்த துணியையும் கையில் கொடுத்தேன். மணியை விட்டுவிட்டு முழு அறையையும் துடைத்து முடித்தான்.

பட்டியலில் பன்னிரண்டு தன்னார்வலர்கள். தவறாமல் வருகிறவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேர் இல்லாவிட்டால் இந்தக் கதவு திறக்காது.

ஏப்ரல் 9, புதன்

ஒரு அம்மா துணியில் சுற்றிய கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பாவுடையது, கப்பலில் வேலை பார்த்தவர். "வீட்டைக் காலி பண்றோம். தூக்கிப் போட மனசு வரலை."

பித்தளைக் கூடு, வெள்ளை முகப்பு. 15க்கும் 18க்கும் நடுவே ஒரு சிவப்புப் பட்டை, 45க்கும் 48க்கும் நடுவே இன்னொன்று. 00 முதல் 03 வரையும் 30 முதல் 33 வரையும் பச்சை. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன சிவப்புக் கோடுகள், எல்லாம் ஒரே நீளம். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நன்கொடைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எங்கள் அலமாரியில் முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள் யார் கொடுத்தது, தானமா இரவலா என்று எதுவும் தெரியாமல் கிடக்கின்றன. அவற்றை வேறு இடத்துக்குக் கொடுக்கவும் முடியாது, செப்பனிடவும் தைரியம் வராது. கொடுத்தவர் எதிரில் நிற்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

எங்கள் ஐவரில் ஒருவர் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிகாரத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இது ரேடியோ அறைக் கடிகாரம்மா."

சிவப்புப் பட்டை அந்தக் காலத்து மௌன நேரமாம். மணிக்கு இரண்டு தடவை, மூன்று மூன்று நிமிடம், மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்திக் குறியீட்டில், பேசும் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எந்தக் கப்பலும் எந்தக் கரை நிலையமும் செய்தி அனுப்பக்கூடாது. எல்லோரும் காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும், எங்கோ ஒரு கப்பல் ஆபத்தில் மெலிதாகக் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக. பச்சை, 2182 கிலோஹெர்ட்ஸில் குரலில் பேசுவோருக்கு. விளிம்புக் கோடு ஒவ்வொன்றும் நான்கு வினாடி, இடைவெளி ஒரு வினாடி. விநாடி முள்ளைப் பார்த்தபடி நிமிடத்துக்குப் பன்னிரண்டு நீண்ட ஒலி அனுப்பினால் மற்ற கப்பல்களில் அபாய மணி தானே அடிக்கும். ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிவிடும்.

சாவி கொடுத்தார். ஓடியது! மகிழ்ச்சியில் பழைய கதை ஒன்றை ஆரம்பித்தார், மோர்ஸ் விசையைத் தட்டுகிற விதத்தை வைத்தே எதிர்முனையில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். பாதியில் சட்டென்று நின்றுவிட்டார். உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்துபோனேன். அவர் கண் முள்ளின் மேலேயே இருந்தது. மணி 11:45. முள் 48ஐத் தாண்டியதும் விட்ட வார்த்தையிலிருந்து கதையைத் தொடர்ந்தார். தான் நிறுத்தியதே அவருக்குத் தெரியவில்லை. கப்பல்களில் மோர்ஸ் விடைபெற்றது 1999 பிப்ரவரி 1ஆம் தேதி. உடம்பு இன்னும் மறக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மழை. மூன்று பேர் வந்தார்கள், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மீனவர் ஒருவர் வலையில் மாட்டிய இரும்புக் கட்டியைக் கொண்டுவந்தார். தலை அளவு, சிப்பியும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. நல்ல மனசோடு இரண்டு நாள் வெயிலில் உலர்த்தியிருக்கிறார். ஒரு பக்கம் விரிசல் விட்டுவிட்டது. கடலடியில் கிடந்த இரும்புக்குள் குளோரைடு ஊறியிருக்கும், காய்ந்ததும் அது உள்ளிருந்தே பிளக்கும். உடனே வாளித் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன்.

"எத்தனை நாள் ஊறணும்?" என்று மீனவர் கேட்டார். மாதங்கள், ஏன் வருடங்கள்கூட ஆகலாம் என்றேன். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982இல் மேலே தூக்கிய பிறகு அதன் மரத்தின் மேல் 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள், முதலில் தண்ணீர், அப்புறம் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைகால். அதைச் சொன்னதும் ஆச்சரியப்பட்டார். அடுத்த முறை எது கிடைத்தாலும் ஈரத்தோடேயே கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். இரும்பைவிட அந்த வாக்கு எனக்குப் பெரிது.

மே 10, சனி

கடிகாரத்துக்கு எண் எழுதினேன்: 2025.14.1. பின்புறத்தில் முதலில் பாராலாய்டு பி-72 என்ற நிறமில்லாத பிசின் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மை, அதன் மேல் இன்னொரு பூச்சு. நாளை ஒருவர் அசிட்டோனால் துடைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் எண் அழிந்துவிடும்.

பிறகு ரேடியோ சாரை உட்காரவைத்துக் குரலைப் பதிவு செய்தோம். இரண்டு மணி நேரம். மௌன நேரத்தில் என்னவெல்லாம் கேட்கும் என்று கேட்டேன். இடி இரைச்சல், அவ்வளவுதான், பெரும்பாலும் வேறொன்றும் இல்லை, அதுதான் நல்ல செய்தி என்றார். இருமல் அடிக்கடி வந்தது. போன வருடமே பதிவு செய்திருக்க வேண்டும். வலை பின்னுபவர் ஒருவரை அப்படி "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று தள்ளிப்போட்டு இழந்தோம். அவருடைய ஊசி அலமாரியில் இருக்கிறது, கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் குழிந்து வழவழவென்று. அதில் நூல் சுற்றும் முறை இங்கே யாருக்கும் தெரியாது.

மே 18, ஞாயிறு

சர்வதேச அருங்காட்சியக நாள். காலையிலிருந்தே கூட்டம். கடிகாரத்தை ஓடவிடலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. ஓடினால் பற்சக்கரம் தேயும், உண்மைதான். இன்று ஒரு நாள் மட்டும் என்று முடிவெடுத்து நானே சாவி கொடுத்தேன்.

மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர் மோர்ஸ் விசையைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குத் தட்டினார்கள், ஒரே சத்தம். 3:15க்கு சார் கையைத் தூக்கினார். விஷயத்தை முன்பே சொல்லியிருந்ததால் அத்தனை பேரும் கப்சிப். முதல் நிமிடம் சிரிப்பை அடக்கினார்கள். இரண்டாவது நிமிடத்தில் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது, அப்புறம் வெளியே அலை.

முள் 18ஐத் தாண்டியது. முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லடா கண்ணு. எல்லாரும் பத்திரமா இருக்காங்க."

ஐந்தரைக்குப் பூட்டும்போது ஈரப்பதம் 68. பின்பக்க ஜன்னலை நானே சாத்தினேன்.